தண்ணீரில் ஊறவைத்த பீரங்கிக் குண்டு

வெடிகுண்டு கண்டறியும் பிரிவில் இப்போது சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும் ஒரு தம்பி போன வாரம் எனக்குப் போன் செய்தார். யாரோ ஒருவர் இணையத்தில் பழைய ராணுவச் சாமான் விற்கிறாராம். பீரங்கிக் குண்டு ஒன்றின் படத்தைப் போட்டு, 'செயலிழந்தது, வரவேற்பறை அலங்காரத்துக்கு ஏற்றது' என்று எழுதியிருக்கிறாராம். "ஐயா, செத்த குண்டை வீட்ல வச்சிருந்தா சட்டப்படி தப்பா?" என்று கேட்டார். போனில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில், நம் ஆயுதச் சட்டம் குண்டு என்று சொல்லும்போது அதன் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. இனி எதற்கும் உதவாத சில்லறைப் பாகங்களுக்கு விலக்கு உண்டு. சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டில் பூ செருகி வைத்திருந்தவரைப் பிடித்து உள்ளே போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. உள்ளே மருந்து இருந்தால் வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கையில் இருப்பது என்னவென்று வைத்திருந்தவருக்குத் தெரியுமா என்பதையும் கோர்ட்டு பார்க்கும். இதெல்லாம் சரிதான். ஆனால் குண்டு செத்துவிட்டது என்று யார் சொல்வது? விற்கிறவர் சொல்கிறார், வாங்குகிறவர் நம்புகிறார். எனக்கு உதைக்கிற இடம் அதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இன்றைக்கும் தோள் தூக்கிப்போடும். அப்படிப்பட்டவனை ஆயுதப்படையிலிருந்து பிடித்து வெடிகுண்டுப் பிரிவில் போட்டார்கள். பயிற்சியில் பெட்டியைத் திறக்கவும் கம்பியைப் பார்க்கவும் கற்றுத் தந்தார்கள். மண் மூட்டை சுமந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இவன் தாக்குப்பிடிக்க மாட்டான் என்று கூட இருந்தவர்கள் கேலி பேசினார்கள். கடைசியில் ஓய்வு பெறும்வரை அந்தப் பிரிவிலேயே கிடந்தேன். அதற்குக் காரணம் எங்கள் இன்ஸ்பெக்டர் துரைராஜ்.

அவர் மகா சிடுமூஞ்சி. சட்டைப் பொத்தான் ஒன்று இல்லையென்றாலும் அரைமணி நேரம் வசை கிடைக்கும். தேநீர் ஆறிப்போயிருந்தால் டம்ளரைத் தொடாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் சந்தேகப்படும்படி ஒரு பொருள் கிடக்கிறது என்று தகவல் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். குரல் பாதியாகிவிடும். முதலில் கைக்குட்டையை விரிப்பார். சட்டைப்பையில் இருக்கும் பேனா, சாவிக்கொத்து, போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அதில் போட்டு, கட்டுச்சோறு முடிவதுபோல முடிந்து யாரிடமாவது கொடுப்பார். குனியும்போது ஒரு பேனா நழுவி விழுந்தால்கூடப் போதும், அதற்காகத்தான். 'குண்டு' என்ற சொல்லை அவர் வாயால் கேட்க முடியாது. 'சாமான்' என்பார். சாமானைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் அருகில் இருக்கும் மனிதரின் முகத்தைப் பார்ப்பார். இரும்பு அதன்பாட்டுக்குச் சும்மா கிடக்கும், ஆள்தான் அசைவான் என்பது அவர் கணக்கு.

விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். மண்ணெண்ணெய் பாட்டிலோடு யாராவது உள்ளே வந்துவிடுவார்கள் என்று வாசலில் போலீஸ் சோதனை பலமாக இருக்கும். வண்டிகளுக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்கும் வேலை எங்களுக்கு. நான் அப்போது ஏட்டு. மத்தியான வெயில் நேரம், ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி ரத்தினவேல். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் கம்பெனி. லைசென்ஸ் விஷயமாக அடிக்கடி வருகிறவர் என்பதால் முகம் பழக்கம். பின்சீட்டில் அவருடைய ஃபோர்மேன் மாடசாமி. மடியில் துண்டு சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"பீரங்கிக் குண்டு, ஏட்டையா" என்றார் மாடசாமி, தேங்காய் என்று சொல்வதுபோல.

ரத்தினவேல் சிரித்தார். "பயப்படாதீக. டம்மி. பெங்களூர்ல ஒருத்தர் இந்த மாதிரி சாமானெல்லாம் சேக்காராம். நெட்ல போட்ட படத்தைப் பாத்துட்டுக் கேட்டாரு. உள்ள ஒண்ணும் இல்லைன்னு கவர்மெண்ட் சர்டிபிகேட் இருந்தாத்தான் வாங்குவாராம். அதான் சாமானையே கையோட கொண்டாந்துட்டோம்."

துண்டின் முனை விலகியிருந்தது. உடம்பு முழுக்கத் தங்க நிறப் பெயிண்ட். மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோன அடையாளம். வெடிப்பைத் தூண்டும் மூக்குப் பகுதி பித்தளை, பளபளவென்று துலக்கியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லாத காட்சிக் குண்டென்றால் உடம்பில் பெரிதாகத் துளை போட்டிருப்பார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. துளை எதுவும் தெரியவில்லை. மூக்கும் உடம்பும் சேரும் திருகில், தங்கப் பெயிண்டை மீறி, பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்குபோல ஏதோ கசிந்து உறைந்திருந்தது.

ஓடிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு எட்டு பின்னால் நகர்ந்துகூட விட்டேன். முதுகில் இடித்து நின்றவர் துரைராஜ். அவர் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார். கைக்குட்டையை விரித்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்தைப் பின்வாசலுக்கு அனுப்பு. குண்டுன்னு சொல்லாத" என்றார் காதோரமாக.

வாசலில் ஜனம் திருவிழாபோல நின்றது. உண்மையைச் சொன்னால் மிதித்துக்கொண்டே சாவார்கள். மனு வாங்குகிற இடத்தைப் பின்வாசலுக்கு மாற்றியாச்சு, முதலில் போகிறவர்களுக்கு முதலில் டோக்கன் என்று கத்தினேன். அவ்வளவுதான், இடுப்பு வலி என்று உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஓடினார்கள். பின்னால் நின்ற வண்டிகளை மற்றக் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். ரத்தினவேலைக் காரிலிருந்து மெதுவாக இறக்கி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். இன்ஜினை நிறுத்தவில்லை, ஏசி ஓடட்டும், உள்ளே இருக்கிற ஆளுக்கு வேர்க்கக் கூடாது என்றார் இன்ஸ்பெக்டர்.

மிச்சம் இருந்தது மாடசாமியும் அவர் மடியும்தான்.

துரைராஜ் முன்பக்கக் கதவருகே போனார். "நான் முன்னாடி உக்காரலாமா?" என்று அனுமதி கேட்டார். எங்களிடம் ஒரு நாளும் எதற்கும் அனுமதி கேட்காத மனுசன். கதவை இழுத்துச் சாத்தாமல் அப்படியே விட்டு உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். நான் மணல் நிரப்பிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடசாமி பக்கத்துக் கதவோரம் போய் முட்டி போட்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"இது எப்படி உங்க கம்பெனிக்கு வந்துச்சு?"

"முதலாளி அண்ணாச்சிக்குத் தெரிஞ்ச பழைய இரும்பு வியாபாரி கொடுத்தது சார். தூத்துக்குடிக்குக் கப்பல்ல வந்த இரும்போட கிடந்துச்சாம். கம்பெனி திறப்புக்குப் பரிசாக் கொண்டாந்தாரு. நம்ம தொழிலுக்குப் பொருத்தமா இருக்கும்னு."

"பூசையெல்லாம் உண்டு போல."

"ஆயுத பூசைக்கு வருசாவருசம் உண்டு சார். மூக்கைப் புளி போட்டுத் துலக்கி, பொட்டு வச்சு, சாமி படத்துக்குக் கீழ வைப்போம்."

"உள்ள மருந்து இருக்குமோன்னு யோசிக்கலியா?"

மாடசாமிக்குச் சற்று ரோஷம் வந்துவிட்டது. "யோசிக்காம இருப்பனா? வந்தன்னைக்கே தண்ணித் தொட்டியில தூக்கிப் போட்டுட்டேன். மழைக்காலம் பூரா உள்ளதான் கிடந்துச்சு. எடுத்ததுக்கப்புறம் திருகுகிட்ட பிசுபிசுன்னு இருந்துச்சா, அதைக் கொஞ்சம் சுரண்டிக் காய வச்சுத் தீக்குச்சி காட்டினேன். படார்னு பத்தலை சார். கரும்புகையா விட்டு மெதுவா எரிஞ்சு அணைஞ்சிருச்சு. மருந்து செத்துப்போச்சு."

எங்கள் வட்டாரத்தில் பட்டாசு மருந்துக்குப் பெரும்பாலும் எமன் தண்ணீர்தான். அன்றாடம் மிஞ்சிய கழிவைத் தண்ணீரில்தான் கொட்டுவார்கள். சிந்தியதைத் தண்ணீர் விட்டுத்தான் கழுவுவார்கள். நனைந்தது செத்தது; குச்சி காட்டிப் பற்றாதது செத்தது. தலைமுறையாக உயிரைக் காப்பாற்றி வந்த அறிவு அது. வேறு ஊர்க்காரன் என்றால் அந்தக் குண்டைப் பார்த்ததும் தூர ஓடியிருப்பான். மாடசாமி தொழில் தெரிந்தவர் என்பதால்தான் மடியில் வைத்திருந்தார். பீரங்கிக் குண்டுக்குள் இருப்பது வேறு வகை மருந்து. வருசக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தாலும் அது சாகாது. தீ வைத்தால் அப்படித்தான் புகைந்து எரியும். அதற்கு வேண்டியது அடியும் அதிர்ச்சியும்.

இன்ஸ்பெக்டர் இப்போது உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "சரியாத்தான் செஞ்சிருக்கீக. நமக்கு ஆபீஸ் நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்காக மெதுவா எடுத்து வைப்போம்" என்றார்.

அந்தப் பொய் எதற்கென்று எனக்கு உறைத்தது. உண்மை தெரிந்தால் மாடசாமியின் தொடை நடுங்கும். அந்தத் தொடையின் மேல்தான் சாமான் இருந்தது.

"டிக்கியில வச்சிருக்கலாமே, எதுக்கு மடியில சுமந்தீக?"

"டிக்கியிலதான் சார் வந்துச்சு. வேகத்தடைக்கு வேகத்தடை உருண்டு போயி முட்டுச்சு. பெயிண்டு உரியுதேன்னு அண்ணாச்சி சாத்தூர்ல நிப்பாட்டி என் மடியில வைக்கச் சொன்னாரு." சொல்லிவிட்டு மாடசாமி முகத்தைச் சுளித்தார். "சார், கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் நீட்டிக்கிறேன்."

"நீட்டாதீக." குரல் உயரவில்லை. "நான் சொல்லும்போது நீட்டலாம். வீட்ல யாரெல்லாம் இருக்காக?"

"நானும் சம்சாரமும்தான் சார். பேரு செல்லத்தாய். அவளும் அங்கனதான் வேலை பாக்கா."

"நல்லாப் பேசுவாகளா?"

"எனக்கும் சேத்து அவதான் பேசுவா" என்று மாடசாமி சிரித்தார். சிரித்ததில் குண்டு லேசாக ஏறி இறங்கியது. எனக்கு மூத்திரம் முட்டியது. என் வீடும் மனைவியும் மகளும் மனதில் வரிசையாக வந்து நின்றார்கள். எழுந்து ஓடிவிடு என்று உள்ளே ஒருவன் கெஞ்சிக்கொண்டே இருந்தான்.

"ஏட்டு இப்ப கீழ கை கொடுப்பாரு. நீங்க தூக்க வேண்டாம், திருப்ப வேண்டாம். பிடியை மட்டும் கொஞ்சங்கொஞ்சமா விடுங்க. மூக்கைத் தொடாதீக" என்றார் இன்ஸ்பெக்டர்.

துண்டுக்கு அடியில் கையை நுழைத்தேன். மாடசாமியின் உடம்புச் சூடு அந்த இரும்பில் ஏறியிருந்தது. நினைத்ததைவிட நல்ல கனம். பிறந்த குழந்தையை வாங்குவதுபோல முழங்கைவரை கொடுத்து வாங்கினேன். இன்ஸ்பெக்டர் சீட்டின் மேலாகக் கைநீட்டி மறுமுனையைப் பிடித்தார். அவர் விரல்களும் நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன். அதைப் பார்த்ததும் என்னமோ எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மணலில் பள்ளம் பறித்து வைத்திருந்தோம். அதில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் மணலை அணைத்தோம். பிறகு இருவருமாகப் பெட்டியைத் தூக்கி, பக்கத்து மைதானத்தில் இப்படி ஒரு தேவைக்கென்று முன்பே மண் மூட்டை அடுக்கி ஆழமாகத் தோண்டியிருந்த குழிக்கு அடிமேல் அடி வைத்து நடந்தோம்.

பின்னால் கோர்ட்டு அனுமதியோடு ராணுவத்திலிருந்து ஆட்கள் வந்து ஒரு கல்குவாரியில் அதை வெடிக்க வைத்தார்கள். குவாரி ஓரத்தில் நின்ற கருவேல மரங்கள் வேரோடு சாய்ந்தன. உள்ளே மருந்து முழுசாக இருந்திருக்கிறது. அந்த வழக்கு வருசக்கணக்கில் நடந்தது; அதை எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அன்று குழியிலிருந்து திரும்பி வந்தபோது மாடசாமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மரத்த காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரத்தினவேல் பக்கத்தில் நின்றார். இன்ஸ்பெக்டர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மாடசாமியிடம் அமைதியாக உண்மையைச் சொன்னார். அந்த மருந்து தண்ணீரில் சாகாது, டிக்கியில் அது உருண்டபோதே நீங்கள் இருவரும் போயிருக்க வேண்டியவர்கள் என்றார்.

ரத்தினவேல் முந்திக்கொண்டார். "சார், செத்துப்போச்சுன்னு சொன்னது இவன்தான். இவனை நம்பித்தான் வச்சிருந்தேன். இதுக்குப்போயி கேஸாகுமா? சீசன் நேரம் சார், லைசென்ஸுக்கு ஒண்ணும் வந்துராதுல்ல?"

அவரைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடசாமி அதை எதையும் காதில் வாங்கவில்லை. காலைத் தேய்த்த கை பாதியில் நின்றுவிட்டது. முதலாளியின் முகத்தையே பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னொண்ணு இருக்கே."

ரத்தினவேல் தரையைப் பார்த்தார். அவருக்கு அது முன்பே ஞாபகம் வந்திருந்தது என்று இன்றுவரை நான் நம்புகிறேன்.

வாசலுக்கு இரண்டு பக்கமும் வைக்கலாம் என்று அந்த இரும்பு வியாபாரி ஜோடியாகக் கொடுத்திருக்கிறார். இரண்டாவதையும் தண்ணீரில் ஊறவைத்து, அதற்கும் தங்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பட்டாசுக் கம்பெனி அறைகளில் வேலை நடக்கும்போது கதவெல்லாம் திறந்தே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று ஆனால் வெளியே பாய்வதற்கு. பொட்டல் காட்டுக் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது குண்டை ஓர் அறைக் கதவுக்கு முட்டாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அந்த ரூம்ல செல்லத்தாயிதான் சார் வேலை பாக்கா" என்றார் மாடசாமி. "வேலை விட்டதும் அவதான் கதவைச் சாத்துவா. குனிய மாட்டா. காலாலதான் எத்தித் தள்ளுவா."

துரைராஜ் உடனே கம்பெனிக்குப் போன் போடச் சொன்னார். வாட்ச்மேன் எடுத்தார். எல்லோரையும் வெளியேற்று, கதவை யாரும் தொடக் கூடாது, முட்டுக் குண்டைக் காலால் தள்ளக் கூடாது என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார் மாடசாமி. "வேலை விடுற நேரமாச்சே, கதவு சாத்திக்கிட்டு இருப்பாகளே, இந்தா போறேன்" என்று வாட்ச்மேன் ஓடினார். செல்போனைக் காவல் அறையில் வைத்துவிட்டு ஓடினார். மருந்து அறைப் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனிகளில் கட்டாயம். மறுபடி அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மாடசாமியையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஜீப் கிளம்பியது. நெடுஞ்சாலையில் சாத்தூர்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. யாரும் எடுத்துப் பேசவில்லை. சாத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் திரும்பியதும் நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். சத்தம் கேட்டால் எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்ப்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓர் ஊரைக் கடக்கும்போது 'டொம்' என்று ஒரு சத்தம். டிரைவர் பிரேக்கை அழுத்திவிட்டார். மாடசாமி ஜீப்பிலிருந்து இறங்கப் போனார். பக்கத்துக் கம்பெனி ஏதோ ஒன்றில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிறார்கள் என்று ரோட்டோரம் ஆடு மேய்த்தவர் சொன்னார். துரைராஜ் மாடசாமியின் தோளில் கை வைத்து அப்படியே வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே, நன்றாகத் தள்ளி, வேலைக்காரர்கள் எல்லோரும் வேலியோரம் வெயிலில் நின்றிருந்தார்கள். வாட்ச்மேன் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். போனை எடுக்கத் திரும்பி வர அவருக்குத் தோன்றவில்லை. ஆட்களை எண்ணிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். தூரத்தில் அந்த அறையின் கதவு திறந்திருந்தது. அதன் அடியில் தங்க நிறத்தில் அது நின்றது. நாங்கள் குழியில் இறக்கியதற்கு அச்சு அசல் இணை. அது பயிற்சிக்குப் பயன்படுத்தும் குண்டு, கனத்துக்காக உள்ளே ஏதோ கலவையை ஊற்றி இறுகவைத்தது, மருந்து ஒரு பொட்டுகூட இல்லை என்று பிறகு ராணுவத்தார் பார்த்துச் சொன்னார்கள். அதை மட்டும் வைத்திருந்தால் ரத்தினவேல் மேல் வழக்கே வந்திருக்காதோ என்னவோ. அன்று அது எங்களில் யாருக்கும் தெரியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லத்தாய் முன்னால் வந்தார். கை முழுக்க அலுமினியத் தூள், காலில் செருப்பு இல்லை. புருசனைக் கண்டதும் சத்தம் போட ஆரம்பித்தார். "என்ன கூத்து இது? ஒதுக்கி வைக்கிற வேலை பாதியிலயே கிடக்கு. கதவைச் சாத்தப் போனவளை வாட்ச்மேன் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வாராரு. காத்தடிச்சா மருந்தெல்லாம் பறந்துராதா?"

மாடசாமி அவர் முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்தார். அத்தனை பேர் பார்க்க, செல்லத்தாயின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க. எல்லாரும் பாக்காக" என்றார் செல்லத்தாய்.

அவர் விடவில்லை.